ஜனாதிபதி இருக்கும்போது பிரதமர் எதற்கு?

19.11.2024, காலை. கேள்வி (அக்கரைப்பற்று, உயர்தர மாணவி)

நேற்றுப் புதிய அமைச்சரவை பதவியேற்றதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். ஜனாதிபதி முன்னால்தான் பிரதமரும் பதவியேற்கிறார், மற்ற அமைச்சர்களும் பதவியேற்கிறார்கள். அமைச்சரவைக்குத் தலைவரும் ஜனாதிபதிதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியென்றால் பிரதமர் பெயருக்கு ஒருவர்தானே? அந்தப் பதவியை எடுத்துவிட்டால் செலவாவது மிச்சம் என்று வாப்பா சொல்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

19.11.2024, இரவு

மகள், வாப்பா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிக்காக இதை எழுதுகிறேன். நான் களுவாஞ்சிகுடி. முப்பது வருடத்துக்கு மேல் அரசறிவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன்.

பிரதமர் என்பது முதலில் ஒரு பதவியாகவே பிறக்கவில்லை. இங்கிலாந்தில் 1721ல் றொபேட் வால்போல் திறைசேரியின் முதல் பிரபுவாக நியமிக்கப்பட்டார். அரசனுக்குக் காசு தேவை. காசுக்கு வரி போட வேண்டும். வரி போடப் பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை யார் வாங்கித் தருவாரோ அவரிடம் அரசன் போயாக வேண்டும். இருபது வருடம் வால்போல் அதைச் செய்தார். ‘பிரதம மந்திரி’ என்பது அந்த நாளில் எதிராளிகள் பழித்துச் சொன்ன சொல். அரசனுக்குக் கீழே எல்லா மந்திரியும் சமமாக இருக்கும்போது நீ என்ன பிரதமம் என்ற கோபம் அதில் இருந்தது. அந்தப் பழிச்சொல்தான் பிறகு பட்டமானது.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. அரசன் கையெழுத்துப் போட்டான், ஆனால் ஆளைத் தந்தது சபை. இன்றைக்கும் எந்த நாட்டில் பிரதமர் இருந்தாலும், அவர் கடிதத்தை எங்கே வாங்கினார் என்பதை விட, பின்னால் எத்தனை உறுப்பினர் நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பாராளுமன்றத்தில் 225 பேர். 113 கை வேண்டும்.

மக்களிடம் வாக்குக் கேட்டு, வென்று, சபைக்கு வந்த ஒருவர்தான் பிரதமராகலாம். அதனால்தான் அது மக்களுக்குக் கிட்டிய பதவி.

20.11.2024

நேற்றைய குறிப்பின் கடைசி இரண்டு வரியும் பிழை. சம்மாந்துறையிலிருந்து ஒரு நானா சரியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறார்: “சிறிமாவோ எந்தத் தொகுதியில் வென்று 1960ல் பிரதமரானார்?” எந்தத் தொகுதியிலும் இல்லை. கட்சி வென்றது, அவர் போட்டியிடவில்லை. மேல்சபையான செனற் சபை வழியாக உள்ளே வந்தார். உலகின் முதல் பெண் பிரதமர் மக்களின் நேரடி வாக்கில்லாமல்தான் அந்தக் கதிரையில் இருந்தார். செனற் சபை 1971ல் ஒழிக்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். 2022 மே 12ந் திகதி ரணில் விக்கிரமசிங்க பிரதமரானபோது அவர் கட்சிக்குச் சபையில் இருந்தது ஒரேயொரு ஆசனம். அதுவும் தொகுதியில் வெல்லாமல், கட்சியின் மொத்த வாக்குக்குக் கிடைக்கும் தேசியப் பட்டியலில் வந்தது.

பிரித்தானியாவில் 1963ல் இன்னும் விசித்திரம். ஹோம் பிரபு பிரதமரான பிறகு தன் பிரபுப் பட்டத்தைத் துறந்தார். அதனால் பிரபுக்கள் சபையில் இடமில்லை. இடைத்தேர்தலில் வென்று பொதுச்சபைக்கு வரும் வரை ஏறக்குறைய இரண்டு கிழமை இரண்டு சபையிலும் இல்லாத பிரதமராக இருந்தார்.

ஆகவே திருத்தி எழுதுகிறேன். பிரதமர் வாக்கில் வென்று வந்தாரா என்பது இரண்டாம் கேள்வி. சபை அவரைத் தாங்குகிறதா என்பதே முதல் கேள்வி.

20.11.2024, பின்னேரம்

அப்பா வட்டவிதானையாக, அதாவது வயற்காரருக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளராக இருந்தவர். இந்த விடயத்தை எனக்கு முதலில் விளங்கப்படுத்தியது அவர்தான். புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

எங்கள் வயல் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம். நவகிரிக் குளத்துத் தண்ணீர். சின்ன வயதில் அப்பாவோடு குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து நடை. (வெளியூரார் கவனிக்க: எங்கள் ஊரில் வாவியைக் கடக்கும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர்.) பெரும்போகத்துக்கு முன்னால் கூட்டம் நடக்கும். எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பு முடிப்பது, மாட்டை எப்போது வெளியேற்றுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அதிகாரிகள் வந்து கதிரையில் இருப்பார்கள். வட்டவிதானை யார் என்று அறிவிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர்கள்தான். ஆனால் எங்கள் கண்டத்தில் (வயற்பரப்பில்) யார் விதானை என்பதை வயற்காரர்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத ஆளுக்குக் கடிதம் கொடுத்தால் அந்தக் கடிதத்தை வைத்து ஒரு வாய்க்காலும் வெட்ட முடியாது. யாரும் மண்வெட்டி தூக்க மாட்டார்கள்.

ஒரு முறை அப்படியே நடந்தது. எனக்கு அப்போது பதினொரு பன்னிரண்டு வயதிருக்கும். மேல்மடைக்காரர் (வாய்க்காலின் மேல்பக்க வயற்காரர்) சிலர் இரவில் தண்ணீரைத் திருப்பியதை அப்பா கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்று கீழ்மடைக்காரருக்குக் கோபம். உண்மையில் அப்பா அன்று காய்ச்சலில் கிடந்தார். அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னபோது ஐந்தாறு பேர்தான் கை உயர்த்தினார்கள். அதிகாரி, “பழைய ஆளே இருக்கட்டும், எனக்குப் பழகின ஆள்” என்றார். அப்பா எழும்பி, “ஐயா, நீங்க பழகி என்ன செய்யிற? இவங்கட கையெல்லாம் கீழ கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் கணக்குக் கொப்பியை மேசையில் வைத்தார். வரும் வழியெல்லாம் அவர் கதைக்கவில்லை. மிதவையில் ஏறிய பிறகுதான், “அவர் சொல்லி இருந்தா நான் அவர்ர ஆள் மனே” என்றார்.

2018ல் எனக்கு அந்த மிதவைதான் ஞாபகம் வந்தது. அதை நாளை எழுதுகிறேன்.

21.11.2024

இன்று புதிய பாராளுமன்றம் கூடி, ஜனாதிபதி கொள்கை உரை நிகழ்த்தினார். மகள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தக் கொள்கைக் கூற்றைச் சபை நிராகரித்தாலோ, வரவு செலவுத் திட்டத்தைத் தோற்கடித்தாலோ, நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றினாலோ அமைச்சரவை கலைந்துபோகும். பிரதமரும் போவார். ஜனாதிபதி அப்படியே இருப்பார். வாப்பாவின் கேள்விக்கு முதல் பதில் இது. சபையால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பக்கூடிய அரசாங்கம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால், அதன் முன்னால் ஒரு பிரதமர் நிற்க வேண்டும்.

இப்போது 2018. ஒக்ரோபர் 26, வெள்ளிக்கிழமை. அன்று பின்னேர வகுப்பில் 19ஆம் திருத்தம் படிப்பித்தேன். 1978 யாப்பின்படி ஜனாதிபதி ஒரு கடிதத்தால் பிரதமரை நீக்கலாம், 2015ல் வந்த திருத்தம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது, இனிப் பிரதமர் தானாக விலக வேண்டும், அல்லது உறுப்பினர் பதவியை இழக்க வேண்டும், அல்லது சபை அரசாங்கத்தைத் தோற்கடிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட இருக்கும்போது செய்தி: ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை வகுப்பு. உள்ளே போகும்போதே ஒரு பையன் எழும்பினான். “சேர், நேற்றுப் படிச்சத அழிக்கவா?”

முப்பது வருடத்தில் என்னை அப்படி நிறுத்திய கேள்வி வேறில்லை. அழிக்க வேண்டாம், பக்கத்தில் இன்றைய திகதியைப் போட்டு ஒரு கேள்விக்குறி வை என்றேன். அன்றிலிருந்து ஏழு கிழமை அந்தக் கேள்விக்குறியோடுதான் படிப்பித்தேன்.

21.11.2024, இரவு

தொடர்ச்சி. நவம்பர் 9 பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 13ந் திகதி உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 14 சபை கூடி நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கில் நிறைவேறியது. 16 சபைக்குள் மிளகாய்த்தூள் வீசப்பட்டது. பொலிசார் சூழ சபாநாயகர் உள்ளே வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து என் மனைவி, “பிள்ளைகளுக்கு இதைக் காட்டாதீங்க” என்றாள். காட்டினேன். டிசம்பர் 3ந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிய பிரதமரையும் அமைச்சர்களையும் செயற்படவிடாமல் தடுத்தது. 12ந் திகதி ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணைக்கு 117 பேர் வாக்களித்தார்கள். அதில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் இருந்தது. மறுநாள் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துக் கலைப்புச் செல்லாது என்றார்கள். 15 மகிந்த விலகினார். 16 ரணில் மீண்டும் சத்தியப்பிரமாணம்.

இடையில், மட்டக்களப்பு மாவட்டத்துக்கு நாங்கள் அனுப்பிய கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர் மகிந்த பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானதையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு கைக்கு அந்த நாட்களில் எவ்வளவு விலை இருந்தது என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி.

அந்த ஏழு கிழமையும் புதியவரிடம் கடிதம் இருந்தது, செயலகம் இருந்தது, வாகனத் தொடர் இருந்தது. 113 இல்லை. சபை பிரதமரின் செயலகச் செலவையும் நிறுத்தப் பிரேரணை நிறைவேற்றியது. மண்வெட்டி தூக்க ஆளில்லாத விதானை.

டிசம்பர் 13 பின்னேரம் அந்தப் பையன் வீட்டுக்கே வந்து கொப்பியைக் காட்டினான். கேள்விக்குறியை அழித்திருந்தான்.

23.11.2024

ஒருவர் எழுதியிருக்கிறார்: “நீங்கள் ரணிலுக்காகப் பேசுகிறீர்கள்.” இல்லை தம்பி. அன்று நீக்கப்பட்டவர் வேறு யாராக இருந்தாலும் இதையே எழுதியிருப்பேன். சபை அவரைத் தோற்கடித்திருந்தால் அதையும் சரியென்றே படிப்பித்திருப்பேன்.

ஒரு வாக்கில் போன பிரதமர்களை வகுப்பில் வரிசையாகச் சொல்வேன், பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பார்கள். சிறிமாவோ, 1964 டிசம்பர் 3. பத்திரிகைச் சட்டமூலக் குழப்பம், அவருடைய அமைச்சர் சி. பி. டி சில்வாவும் கூட்டாளிகளும் எதிர்ப்பக்கம் போனார்கள், அரசாங்கம் ஒரு வாக்கில் தோற்றது. கலகன், பிரித்தானியா, 1979 மார்ச் 28, 311க்கு 310. வாஜ்பாய், இந்தியா, 1999 ஏப்ரல் 17, 270க்கு 269. மூன்று பேரும் அதை ஏற்றுத் தேர்தலுக்குப் போனார்கள். ஒருவரும் பட்டாளத்தைக் கூப்பிடவில்லை. எனக்கு இதில் உள்ள மரியாதை இன்னும் குறையவில்லை.

அதனால்தான் ஜனாதிபதி முறையை விடப் பிரதமர் முறைதான் எங்களைப் போன்ற சிறிய தொகைக்காரருக்குப் பாதுகாப்பு என்று சொல்கிறேன். 1960 மார்ச்சைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சி 50, சுதந்திரக் கட்சி 46, தமிழரசுக் கட்சி 15. ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனாநாயக்க பிரதமர். அந்த 15 பேரும் இல்லாமல் அவரால் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை, சிம்மாசன உரை (அன்றைய கொள்கை உரை) வாக்கெடுப்பிலேயே விழுந்தார். மட்டக்களப்பிலிருந்து போன ஒரு கை கொழும்பில் ஒரு அரசாங்கத்தை நிறுத்தும், விழுத்தும். இந்தப் பலத்தை ஜனாதிபதி முறை தராது.

24.11.2024, விடியப்புறம்

நித்திரை வரவில்லை. நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை அவ்வளவு இலகுவாக எழுதியிருக்கக் கூடாது.

1948ல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைக் கொண்டுவந்தது நிறைவேற்று ஜனாதிபதி இல்லை. டி. எஸ். சேனாநாயக்க, பிரதமர். 1956ல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது பண்டாரநாயக்க, பிரதமர். இரண்டுக்கும் சபையில் பெரும்பான்மை கை உயர்ந்தது. அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பில் ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டம் செய்ய முடியாது என்று 29ஆம் பிரிவு இருந்தது. இருந்தும் இரண்டு சட்டமும் வந்தன. மொழிச் சட்டம் வந்த அதே 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டார்கள். கல்லோயாவை எங்கள் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். அங்கிருந்து ஓடி வந்தவர்களை வீட்டுத் திண்ணையில் வைத்துச் சாப்பாடு கொடுத்ததாக அம்மம்மா சொல்லுவா. சொல்லும்போது எப்போதும் உலைமூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொல்லுவா, எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டா.

சபையின் நம்பிக்கை என்று மூன்று நாளாக எழுதுகிறேன். அந்தச் சபைக்கு அப்போது எங்கள் மேல் என்ன நம்பிக்கை?

24.11.2024, பின்னேரம்

விடியப்புறம் எழுதியதை எடுக்கவில்லை. அது இருக்கட்டும். அதற்கு மேல் யோசித்ததைச் சேர்க்கிறேன்.

1957 ஜூலையில் பண்டாரநாயக்க, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வுக்கு ஒப்பந்தம் செய்தார். கையெழுத்துப் போட்டது நாட்டின் பிரதமர், சபையில் பெரும்பான்மை உள்ளவர். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து இருந்தார்கள், அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965 மார்ச்சில் டட்லி அதே செல்வநாயகத்தோடு இன்னொன்று. தமிழரசுக் கட்சி அரசாங்கத்துக்கு ஆதரவு கொடுத்தது, அந்தக் கட்சியின் திருச்செல்வம் செனற் சபையிலிருந்து உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைச் சட்டமூலம் மேசைக்கு வந்தது, பிறகு கைவிடப்பட்டது. 1968ல் திருச்செல்வம் விலகினார்.

இரண்டு பிரதமர்களும் பொய்யர்கள் என்று இளவயதில் நம்பினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போட்ட கையெழுத்தைப் பின்வரிசை தாங்கவில்லை. பிரதமர் தன் ஆட்களை விட ஒரு சாண் முன்னால் நடக்கலாம், நாலு முழம் நடந்தால் திரும்பிப் பார்க்கும்போது பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்பாவும் மேல்மடைக்காரரைக் கேட்காமல் கீழ்மடைக்கு ஒரு நாள் கூடத் தண்ணீர் கொடுக்க முடியாமல் எத்தனையோ இரவு கரையில் நின்றிருக்கிறார்.

ஆகவே 23ந் திகதிக் குறிப்பில் உள்ளதை இப்படி மாற்றுகிறேன்: பிரதமர் முறை சிறிய தொகைக்குப் பலம் தருவது சபையில் யாருக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லாத நாளில் மட்டும். பெரும்பான்மை உள்ள நாளில் பிரதமரைப் பிடித்து நிறுத்துவதற்குச் சபைக்கு வெளியே ஏதாவது வேண்டும். எழுதிய யாப்பு, அதைக் காக்கும் நீதிமன்றம், மாகாணத்துக்குப் பிரித்த அதிகாரம். 2018ல் நீதிமன்றம் நின்றது. 1948லும் 1956லும் எங்களுக்காக எதுவும் நிற்கவில்லை.

25.11.2024

கேள்வி: “தமிழர் ஒருவர் பிரதமராகலாமா?” சட்டத்தில் தடையில்லை. சபையின் நம்பிக்கையைப் பெரும்பாலும் பெறக்கூடியவர் என்று ஜனாதிபதி கருதும் உறுப்பினர், அவ்வளவுதான் நிபந்தனை. 2004ல் தமிழரான லக்ஷ்மன் கதிர்காமரின் பெயர் பிரதமர் பதவிக்கு அடிபட்டது, கிடைத்தது மகிந்த ராஜபக்ஷவுக்கு. எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் அமிர்தலிங்கமும் சம்பந்தனும் இருந்திருக்கிறார்கள்.

மழை விடாமல் பெய்கிறது. வாவி ஏறுகிறது.

28.11.2024

மின்சாரம் இல்லாமல் இருந்தது. மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரசாப் பிள்ளைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போன செய்தி கேட்டதிலிருந்து எழுத மனம் வரவில்லை. கேள்வி கேட்ட மகள், நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

2.12.2024

மகள் எழுதிவிட்டார். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே அடுத்த கேள்வி: “சேர், பிரதமரைச் சனங்களே நேரடியாகத் தெரிவு செய்தால் என்ன?”

இஸ்ரேல் அதைச் செய்து பார்த்தது. 1996, 1999, 2001 மூன்று முறை பிரதமருக்குத் தனி வாக்குச்சீட்டு. பலமான பிரதமர் வருவார் என்று நினைத்தார்கள். நடந்தது மறுபக்கம். ஒரு சீட்டில் பிரதமரைத் தெரிந்துவிட்டோம் என்று மற்றச் சீட்டில் சனங்கள் தங்கள் தங்கள் சின்னக் கட்சிக்குப் போட்டார்கள். சபை சிதறியது. சனம் தெரிந்த பிரதமருக்குச் சபையில் தாங்க ஆளில்லை. பிறகு அந்த முறையையே கைவிட்டார்கள்.

ஜேர்மனியில் வேறு வழி. அங்கே பிரதமருக்குச் சமமானவர் சான்சலர். அவரை விழுத்த வேண்டுமானால் அடுத்தவர் யார் என்று அதே வாக்கெடுப்பில் தெரிவு செய்ய வேண்டும். விழுத்துவதற்கு மட்டும் சேருகிற கூட்டம் செல்லாது. 1982 ஒக்ரோபரில் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். 2018ல் எங்களிடம் இது இருந்திருந்தால் அந்த ஏழு கிழமையும் ஒரு நாளில் முடிந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

3.12.2024

வாப்பாவின் செலவுக் கணக்குக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. இதோ.

1947 முதல் 1978 வரை எங்கள் நாட்டில் பிரதமர்தான் எல்லாம். அமைச்சர்களைத் தெரிவது, அமைச்சரவைக்குத் தலைமை தாங்குவது, சபையைக் கலைக்க ஆலோசனை சொல்வது எல்லாம் அவர் கையில். பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதியும் 1972க்குப் பிறகு வந்த பெயரளவு ஜனாதிபதியும் பெரும்பாலும் அவர் சொல்வதற்குக் கையெழுத்திட்டார்கள். டி. எஸ். சேனாநாயக்க 1949ல் கல்லோயாத் திட்டத்தைத் தொடக்கியபோது இங்கினியாகலையில் அணை எழும்பியது, நாட்டின் மிகப் பெரிய குளம் வந்தது, குடியேற்றம் வந்தது, எங்கள் கிழக்கின் சனத்தொகைக் கணக்கே மாறியது. ஒரு பிரதமரின் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அம்பாறை வழியாகப் பேருந்தில் போனால் போதும்.

1977ல் வென்று பிரதமரான ஜே. ஆர். ஜெயவர்தன, 1978 பெப்ரவரி 4ல் ஜனாதிபதியாகி, பிரதமரிடமிருந்த பலத்தையெல்லாம் புதிய கதிரைக்குக் கொண்டுபோனார். பழைய கதிரையில் பிரேமதாச இருந்தார். அதனால் இன்றைய எங்கள் பிரதமர் வெஸ்ற்மினிஸ்ரர் (பிரித்தானிய முறை) பிரதமர் இல்லை, வாப்பா சொல்வது அந்த அளவுக்குச் சரி.

ஆனால் ஜனாதிபதி திடீரென்று இல்லாமல் போனால்? 1993 மே முதலாந் திகதி பிரேமதாச கொல்லப்பட்ட அன்று பிரதமர் விஜேதுங்க பதில் ஜனாதிபதியானார். 2022 ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு வந்தவரும் அப்போதைய பிரதமர்தான். அந்த நாட்களில் பிரதமர் என்ற கதிரை வெறுமையாக இருந்திருந்தால் யார் வந்திருப்பார் என்று வாப்பாவைக் கேளுங்கள். எனக்குத் தோன்றுகிற பதில் சீருடை போட்டது.

அதற்காக, இருப்பதை இப்படியே வைத்திருக்கச் சொல்லவில்லை. பிரதமர் பதவியை எடுத்துவிட்டு மிச்சம் பிடிப்பதை விட, நிறைவேற்று ஜனாதிபதி பதவியை எடுத்துவிட்டுப் பிரதமரைச் சபைக்குப் பொறுப்பாக்குவதுதான் என் விருப்பம். 24ந் திகதி எழுதிய தடைகளோடு சேர்த்து.

7.12.2024

வெள்ளம் வடிந்து வயலைப் பார்க்கப் போனேன். எங்கள் கண்டத்தில் பாதி அழுகிவிட்டது. இழப்பீட்டுக்குப் பெயர் பதிய வேண்டும், உடைந்த வாய்க்காலைக் கட்ட வேண்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம். இரண்டு வருடமாக வட்டவிதானையாக இருக்கும் தம்பி மேல் குறை: மேல்மடைக்கு முதலில் பதிந்துவிட்டார் என்று. அப்பாவுக்கு நடந்த அதே கதை. அவர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “என்னில நம்பிக்கை இல்லாட்டி இப்பவே சொல்லுங்க, கொப்பியத் தந்துட்டுப் போறன்” என்றார்.

யாரோ என்னைப் பார்த்து, “சேர், நீங்க எண்ணுங்க” என்றார்கள்.

எண்ணினேன். மண்டபத்தில் முப்பத்தொரு பேர். பத்தொன்பது கை அவர் பக்கம். உயர்த்தாத பன்னிரண்டு பேரில் இரண்டு பேரைப் பதிவுக் கணக்கைப் பார்க்கச் சேர்த்துக்கொள்வதாக அவரே சொன்னார். கீழ்மடையிலிருந்து இரண்டு பேர் எழும்பிப் போய் மேசையடியில் இருந்தார்கள். கொப்பி திறந்தது. முதல் பெயர் கீழ்மடைக் கடைசி வயற்காரர்.

மகள், சனிக்கிழமை உங்களுக்கு மாதிரிப் பரீட்சை என்றீர்கள். 1960 மார்ச்சும் 2018ம் கட்டாயம் எழுதுங்கள். திகதிகளை இந்தக் குறிப்புகளிலிருந்து எடுக்கலாம், 19ந் திகதியின் கடைசி இரண்டு வரியைத் தவிர.